தட்டினால் விட வேண்டும்

ஆகஸ்ட் 4, திங்கள்

"கராத்தேக்காரியும் ஜூடோக்காரியும் சண்டை போட்டா யாரு டீச்சர் ஜெயிப்பா?" என்று ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒருமுறை என்னைக் கேட்டாள். "குடைக்கும் தோசைக்கரண்டிக்கும் சண்டை வந்தா எது ஜெயிக்கும்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். வகுப்பே சிரித்தது. மழை பெய்தால் குடை, கல் காய்ந்தால் கரண்டி. ஒரு பொருள் எதற்காக உண்டானது என்று முதலில் பார், மார்க்கை அப்புறம் போடு என்று சொல்லி மைதானத்துக்கு அனுப்பினேன்.

இன்று அதே கேள்வி அரசாங்க உறையில் வீட்டுக்கு வந்திருக்கிறது. காவலர் பயிற்சிப் பள்ளியில் ஒரு குழு அமைக்கிறார்களாம். ராணுவத்தின் கைச்சண்டைப் பயிற்சி, இஸ்ரேல் பாணி கிராவ் மகா, இப்போது பள்ளியில் சொல்லித் தருகிற ஜூடோ ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, செப்டம்பரில் வரும் புதிய அணிக்கு எது ஏற்றது என்று சொல்ல வேண்டும். உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள், ஜூடோ நடுவராகவும் இருந்தவள் என்பதால் வெளி உறுப்பினராக என்னை அழைத்திருக்கிறார்கள்.

காரணம் ஊருக்கே தெரியும். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் சுடலைமணி என்ற மூட்டை தூக்கும் தொழிலாளி ஒரு போலீஸ்காரரின் பிடியில் செத்துப்போனார். பிடித்த கான்ஸ்டபிளின் பெயர் இசக்கிராஜ். இந்தப் பள்ளியில் பயிற்சி முடித்து வெளியே வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அவன் சொல்லித் தந்தபடி செய்தானா, மீறிச் செய்தானா என்பதையும் எங்கள் குழு சொல்ல வேண்டும். கொலை வழக்கா, பணியின்போது நேர்ந்த சாவா என்பது பெரும்பாலும் அதை வைத்துத்தான் முடிவாகும் என்று கடிதம் கொண்டுவந்த ஏட்டையா சொன்னார்.

அவர் போனதும் கடிதத்தை என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "மூணு சண்டையில எது நல்ல சண்டைன்னு மார்க் போடப் போறியா அமலி? நாற்பது வருசமா நம்ம வீட்ல நடக்குற சண்டைக்கு எத்தன போடுவ?" என்றார்.

"ஃபெயில்" என்றேன்.

சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் பயிற்சிப் பள்ளி மைதானம். பக்கத்து வீட்டு அக்கா இவருக்குத் துணையாக இருந்தாள்.

குழுவில் நான்கு பேர். பள்ளியின் முதல்வர் டி.எஸ்.பி. தில்லைநாயகம், தலை முழுக்க நரைத்திருந்தாலும் மீசைக்கு மட்டும் மை பூசுகிறார். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் பொன்னுரங்கம். கிராவ் மகா பயிற்சியாளர் ஃபைசல், இளைஞர், சென்னையில் கூடம் வைத்திருக்கிறார். பிறகு நான்.

முதலில் சுபேதார். வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது, ஆனால் கையைத் தூக்கியதும் ஆளே மாறிவிட்டார். முழங்கை, முழங்கால், துப்பாக்கியின் பின்கட்டை. எதிரே நின்ற இரண்டு பேரும் தரையில் கிடந்த பிறகுதான் அவர் அசைந்ததே எனக்குத் தெரிந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "எங்க பசங்களுக்கு நாங்க சொல்றது ஒண்ணே ஒண்ணுதாம்மா. விழுந்தவன் எழுந்திருக்கக் கூடாது. போலீஸ்காரனுக்கு வேற. விழுந்தவன் எழுந்து, சொந்தக் காலால நடந்து கோர்ட்டுக்கு வரணும். கை ஒண்ணுதான். வேலை வேற."

நாற்பது நிமிட வகுப்பில் நான் சொல்லியிருக்கக்கூடியதை அவர் முகம் துடைக்கும் நேரத்தில் சொல்லிவிட்டார்.

ஃபைசலின் முறை வேகமானது. கண், தொண்டை, கவட்டை. "அடிக்கணும், வழி உண்டாக்கணும், ஓடிடணும்" என்றார்.

"போலீஸ்காரன் எங்கய்யா ஓடுவான்? மத்தவன்லாம் ஓடுதப்போ நிக்கதுக்குத்தான அவனுக்குச் சம்பளம்?" என்றார் டி.எஸ்.பி. பயிற்சிக் காவலர்கள் சிரித்தார்கள். ஃபைசலும் சிரித்துவிட்டு, "ஆயுதத்தோட வர்றவன்கிட்ட இருந்து தப்பிக்க இதவிட நல்லது இல்ல சார். ஆளப் பிடிச்சு ஜீப்ல ஏத்துறதுக்கு இது பத்தாதுதான்" என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

கடைசியாக எங்கள் ஜூடோ. 'எங்கள்' என்று எழுதியதை அடிக்காமல் விடுகிறேன். விழும் விதம், சாய்த்தல், அழுத்திப் பிடித்தல், கைப்பூட்டு, கழுத்துப்பூட்டு என்று வரிசையாகக் காட்டினார்கள். ஒருவனுக்குக்கூடச் சிராய்ப்பு இல்லை. தரையில் விரித்த ஜூடோ மேட்டில் கழுத்துப்பூட்டு போட்டதும் கீழே இருந்த பையன் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினான். மேலே இருந்தவன் அந்த நொடியே விட்டான். இருவரும் எழுந்து குனிந்து வணங்கினார்கள்.

தட்டினால் விட வேண்டும். ஜூடோவில் முதல் நாள் பாடமே அதுதான். கத்த வேண்டாம், கெஞ்ச வேண்டாம். சண்டைக்குள்ளேயே இப்படி ஒரு கதவு வைத்த விளையாட்டு வேறு எது என்று மாணவிகளிடம் பெருமையாகக் கேட்பேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். மூக்குக் குழாய் போதாது, மூச்சு அதிகம் வாங்கும்போது பை வைத்த மாஸ்க்கைப் போடுங்கள் என்றார். கரண்ட் போய் ஆக்ஸிஜன் மெஷின் நின்றால் மாற்றிக்கொள்ள ஒரு சிலிண்டரும் வந்து இறங்கியிருக்கிறது. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நிறுத்தியிருக்கிறேன்.

நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறதாம். மழை விட்டால் சரியாகிவிடும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று இசக்கிராஜைக் கூப்பிட்டு விசாரித்தோம். சஸ்பெண்ட் ஆகியிருப்பதால் யூனிஃபார்ம் இல்லை. கட்டம் போட்ட சட்டை, மழித்த மோவாய். இருபத்து நான்கு வயது என்கிறார்கள். பார்த்தால் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் மாதிரிதான் இருக்கிறான். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

நடந்தது இது. சுடலைமணி குடித்துவிட்டு ஒரு கண்டக்டரோடு தகராறு செய்திருக்கிறார். இவன் போய்த் தடுத்திருக்கிறான். சுடலைமணி இவன் சட்டையைப் பிடித்திருக்கிறார். பின்னால் போய்க் கழுத்துப்பூட்டு போட்டு, குப்புறச் சாய்த்து, மேலே படுத்திருக்கிறான். கூட இருந்த ஏட்டு கால்களைப் பிடித்திருக்கிறார்.

"சாச்சதுக்கு அப்புறம் அவன் என்ன செஞ்சான்?" என்று கேட்டார் டி.எஸ்.பி.

"திமிறுனாரு சார்."

"நீ?"

"இறுக்குனேன் சார்."

"எப்ப விடணும்னு சொல்லித் தந்திருக்கு?"

"தட்டும்போது சார்."

"அப்புறம் ஏன் விடல?"

அவன் எங்கள் நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "அவரு தட்டலையே சார்."

பிறகு டி.எஸ்.பி., "ஏல, அவன் என்ன உங்கூட மேட்ல உருண்டு படிச்சவனால? மூட்ட தூக்குதவன். உன்னயத் தட்டிக் குடுப்பான்னு பாத்தியோ?" என்றார். ஃபைசல் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். சுபேதார் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. முப்பது வருடம் சாக்குப்போக்கு கேட்டவள் நான். ஸ்கிப்பிங் கயிற்றைக் காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொன்னவளும் என் வகுப்பில் இருந்தாள். இவன் சொன்னதும் அந்த ரகமாகத்தான் பட்டது. ஒரு மனிதன் மூச்சுக்குத் தவிக்கிறானா, சண்டை போடுகிறானா என்று மேலே படுத்திருப்பவனுக்குத் தெரியாமலா போகும்?

மாலையில் மதிப்பெண் போட்டோம். ராணுவ முறைக்கு ஆற்றலில் அதிகம், பிடிபடுபவரின் பாதுகாப்பில் மிகக் குறைவு. கிராவ் மகாவுக்குத் தற்காப்பில் அதிகம், ஆளை அடக்குவதில் குறைவு. ஜூடோவுக்குப் பாதுகாப்பில் நான் முழு மதிப்பெண் போட்டேன். கண் முன்னால் பார்த்ததைத்தானே போட வேண்டும்.

டி.எஸ்.பி. தாளை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். "மூணுலயும் பாதுகாப்பானது எதுன்னு நீங்களே எழுதிட்டீங்க டீச்சர். நல்லது. அதப் படிச்சவன் ஒருத்தனக் கொன்னுட்டாம்னா, கோளாறு பாடத்துல இல்ல. பயகிட்டதான். கொலக் கேசுதான் இது. ஸ்கூலுக்கு இதுல சம்பந்தமில்ல."

"சரிதான் சார்" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் இவருக்குப் பால்ரொட்டி வாங்கினேன். ஒன்றில் பாதி தின்றார்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று இவர் கொஞ்சம் பரவாயில்லை. அதிகம் பேசவில்லை. நல்லதுதான், ஓய்வு வேண்டும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா விண்ணேற்புத் திருநாள். விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்தேன். தெருமுனையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். இவருக்கு ஒரு மிட்டாய் வாங்கிவந்து தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மத்தியானம் ரசம்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. மெஷின் நின்றது. சிலிண்டரை இழுத்து, குழாயை மாட்டி, திருகித் திறந்து, மாஸ்க்கை அவர் முகத்தில் வைத்துப் பட்டையை இறுக்கினேன். இதெல்லாம் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

அவர் மாஸ்க்கைப் பிடுங்கினார். கையை விலக்கி மறுபடி வைத்தேன். முகத்தைத் திருப்பினார். தாடையைப் பிடித்து நேராக்கினேன். "அசையாதீங்க. சும்மா இருங்க. உங்க நல்லதுக்குத்தானே" என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். இவ்வளவு பலம் இவருக்கு எங்கே இருந்தது என்று நினைத்தேன். கோபமும் வந்தது, எழுதிவிடுகிறேன். கட்டிலில் ஏறி, முழங்காலால் அவர் கையை அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் மாஸ்க்கை முகத்தோடு அழுத்தினேன். அவர் எவ்வளவு திமிறினாரோ நான் அவ்வளவு அழுத்தினேன். "ஆடாதீங்கன்னு சொல்றேன்ல!"

மாஸ்க்கில் தொங்கும் பை உப்பவில்லை. சப்பையாக, ஈரத்துணி மாதிரி அவர் நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அழுத்தியிருக்கிறேன்.

சிலிண்டரை நான் இழுத்தபோது குழாய் கட்டில் காலுக்கு அடியில் மாட்டி நசுங்கியிருந்தது. காற்று வரவே இல்லை. நான் பூட்டி வைத்திருந்தது வெறும் மூடியை.

குழாயை எடுத்துவிட்டேன். பை உப்பிற்று. கொஞ்ச நேரத்தில் அவர் கை என் மணிக்கட்டிலிருந்து தானாகக் கழன்று விழுந்தது.

தட்டிலிருந்த ரசம்சாதம் கவிழ்ந்து பாயெல்லாம் பருக்கை. கூட்டிப் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, பாயை வெயிலில் போட்டேன். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

மணிக்கட்டில் விரல் விரலாக நீலம் கட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன்.

இவர் அதைப் பார்த்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, "நீ... போலீஸ்ல... சேந்துரலாம்" என்றார்.

நான் சிரித்தேன். பிறகு அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மருந்துக் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிறது. மருந்து வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குள்ளே போனேன். பின்வாசல் பக்கம் டீக்கடை. அதன் முன்னால்தான் நடந்தது என்று தெரியும். சிமெண்டுத் தரையில் பார்க்க என்ன இருக்கிறது? வெற்றிலைத் துப்பல், பஸ் டிக்கெட்டுகள்.

அந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி ஒரு பெண் எலுமிச்சம்பழமும் கறிவேப்பிலையும் பரப்பி உட்கார்ந்திருந்தாள். "செத்தவரு வீட்டுக்காரி, பேச்சித்தாயி. முன்னால மார்க்கெட்டுல போட்டிருந்தா. இப்ப இங்ஙனதான் வந்து இருக்கா. நகரச் சொன்னா நகர மாட்டேங்கா" என்றார் டீக்கடைக்காரர்.

குனிந்து உட்கார்ந்தேன். மறைத்துப் பேசப் பிடிக்கவில்லை. டீச்சராக இருந்தவள், பயிற்சிப் பள்ளிக் குழுவில் இருக்கிறேன் என்று சொன்னேன்.

"அப்ப அவுகள எது கொன்னுச்சுன்னு எழுதப் போறது நீங்கதானா?"

"எந்தப் பயிற்சி நல்லதுன்னு எழுதுறோம்மா."

"நல்லது" என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். பிறகு எலுமிச்சம்பழங்களில் தண்ணீர் தெளித்துக்கொண்டே பேசினாள். "ஒண்ணு கேக்கேன் டீச்சர். அந்தப் போலீசு மேல படுத்துக்கிட்டு 'தட்டு, தட்டு, தட்டுனா விட்டுருவேன்'னு சத்தம் போட்டாராம். டீக்கட அண்ணாச்சி கேட்டிருக்காரு. எதத் தட்டணும்? எங்க தட்டணும்? மூச்சு முட்டுதவன் தட்டிக்கிட்டா கெடப்பான்? அவுக மூணாங் கிளாசு. அவுகளுக்கு யாரு இதச் சொல்லிக் குடுத்தா?"

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "சொன்னான் டீச்சர். அழுகுத மாதிரி சொன்னான் அந்தப் பய. இவரு காலப் போட்டு உதச்சாரு. செருப்பு என் கட ஸ்டவ் கிட்ட வந்து விழுந்துச்சு. அப்புறம் உதக்கல" என்றார்.

அவன் சொன்னது சாக்குப்போக்கு இல்லை.

"அந்தப் பையன் பொய் சொல்லலம்மா" என்றேன், எதற்காகச் சொன்னேன் என்று தெரியாமலே.

"அதனால?" பேச்சித்தாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அவன் உள்ள போகட்டும். நான் பாவம் பாக்க மாட்டேன். ஆனா இனி வாரவனுக்கும் இதத்தான் படிச்சுக் குடுப்பீகளா?"

யாரோ கறிவேப்பிலை கேட்டார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

டி.எஸ்.பி.க்குப் போன் செய்து என் மதிப்பெண்ணை மாற்ற வேண்டும் என்றேன். அறிக்கை டைப் ஆகிவிட்டது, வியாழக்கிழமை கையெழுத்துக்கு வாருங்கள் என்றார்.

இவருக்கு இன்று கஞ்சி மட்டும். பெங்களூரிலிருந்து மகள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள். அவசரமில்லை, மெதுவாக வா என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஆகஸ்ட் 21, வியாழன்

மேட் விரித்த கூடத்திலேயே மேசை போட்டிருந்தார்கள். பயிற்சிக் காவலர்கள் முப்பது பேர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அடுத்த வகுப்பு அங்கேதான்.

"ஜூடோவுக்கு நான் போட்ட மார்க் தப்பு சார்" என்றேன். "மேட்டில பாதுகாப்பானது. வெளியில அந்தக் கழுத்துப்பூட்டு மூணுலயும் மோசமானது. ராணுவ அடி கொல்லும்னு அடிக்கிறவனுக்குத் தெரியும். இது கொல்லும்னு பிடிக்கிறவனுக்கே தெரியாது."

"விளக்கமாச் சொல்லுங்க."

"குக்கர்ல விசில் வந்தா அடுப்ப அணைக்கிறோம். விசில் வர்ற துவாரத்துல பருப்பு அடைச்சுக்கிட்டா விசில் வராது. விசில் வரலயே, இன்னும் வேகட்டும்னு எரிய விட்டா என்ன ஆகும்? இந்தப் பையனுக்கு நாம மாசக்கணக்கா ஒரே ஒரு விசிலத்தான் பழக்கியிருக்கோம். தட்டுறது. அந்த விசிலே இல்லாத ஆளு கையில கிடைச்சப்போ அவன் விசிலுக்குக் காத்திருந்தான்."

"காமன் சென்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல டீச்சர்? சாகப் போறவன் தவிக்கதுக்கும் சண்டக்காரன் திமிறதுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

பத்து நாள் முன்னால் நானும் இதையேதான் நினைத்தேன். புடவை முந்தானையால் மணிக்கட்டை மூடிக்கொண்டேன்.

"தெரியுதான்னு இப்பப் பாத்துருவோம் சார். யாராவது கழுத்தக் குடுங்க."

டி.எஸ்.பி. சிரித்துக்கொண்டே காலரைத் தடவிப் பார்த்தார். சுபேதார் எழுந்து வந்தார். "என் கழுத்துக்கு பென்ஷன் வந்தாச்சும்மா. புடிங்க."

அவர் காதில், "தட்டக் கூடாது. தட்டுறதுன்னா என்னன்னே உங்களுக்குத் தெரியாது" என்றேன். அவர் மேட்டில் உட்கார்ந்தார். பின்னால் மண்டியிட்டு, கையைச் சுற்றி, பூட்டைப் பொருத்தி, நிதானமாக இறுக்கினேன். பாதி பலம்கூடப் போடவில்லை. முதலில் அமைதியாக இருந்தார். பிறகு அவர் கை என் முழங்கையைப் பற்றியது. நகம் பதிந்தது. இடுப்பை உதறினார், கால் மேட்டைத் தேய்த்தது, தலையை இடமும் வலமும் திருகினார். எத்தனையோ பேரை வீழ்த்திய மனிதர்.

சுவரோரம் பார்த்துக் கேட்டேன்: "இவர் என்ன செய்யிறார்?"

"எதிர்க்கிறார் மேடம்!" முப்பது குரலும் ஒன்றாக வந்தது.

"நான் என்ன செய்யணும்?"

"இறுக்கணும் மேடம்!"

விட்டுவிட்டேன். சுபேதார் கையை ஊன்றிக் குனிந்து இருமினார். முகம் கறுத்திருந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, அந்தப் பையன்களைப் பார்த்து, "எதிர்க்கலடா, கண்ணுங்களா" என்றார். "காத்து கேட்டேன்."

ஒரு பையன் மட்டும் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

டி.எஸ்.பி. எங்களைத் தன் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். மோசமான மனிதர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். களைத்திருந்தார். "டீச்சர், நீங்க சொல்லுதது எனக்கு விளங்கிருச்சு. ஆனா அத எழுதினா என்ன அர்த்தம்? டிபார்ட்மென்ட் சொல்லிக் குடுத்துத்தான் அவன் கொன்னான்னு அர்த்தம். இதே பூட்ட படிச்சிட்டு இப்ப எத்தன பேரு டூட்டில இருக்கான் தெரியுமா? ஒவ்வொரு கேசையும் தோண்டுவாங்க."

"தோண்டட்டுமே சார்."

"அப்ப அந்தப் பய குத்தவாளி இல்லயா?"

"கை அவன் கைதான் சார். அதுக்கு அவன் பதில் சொல்லணும். அந்தக் கையப் பழக்கினது நாம. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

டைப் செய்த அறிக்கையில் அவர் கையெழுத்துப் போட்டார். ஃபைசலும் போட்டார், என்னைப் பார்க்காமல் போட்டார். நான் மறுத்து, தனிக் குறிப்பு ஒன்றை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். கழுத்துப்பூட்டை அடியோடு நீக்க வேண்டும், குப்புறக் கிடப்பவர்மேல் யாரும் படுக்கக் கூடாது, இசக்கிராஜ் செய்தது சொல்லித் தந்தபடியே என்று மூன்று பத்தி. சுபேதார் இரண்டையும் படித்தார். "ஆர்டர மீறிப் பழக்கமில்லம்மா எனக்கு" என்றார். இரண்டிலும் கையெழுத்துப் போடாமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலூர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மகள் வந்தாள். இவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

விடிந்து கொஞ்ச நேரத்தில் அவர் மாஸ்க்கைக் கழற்றினார். நர்ஸ் பிடிக்க வந்தாள். வேண்டாம் என்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கையை நான் பிடிக்கவில்லை. அது எங்கே போக வேண்டுமோ போகட்டும் என்று விட்டுவிட்டேன். என் தோளுக்கு வந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்து குளித்தோம். வீடு நிறைய ஆட்கள். மகள் எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள்.

சிலிண்டரை எடுத்துப் போக ஆள் வந்தான்.

செப்டம்பர் 3, புதன்

நேற்று புதிய அணி வந்து சேர்ந்துவிட்டதாம். துக்கம் கேட்க வந்த ஏட்டையா சொன்னார். இசக்கிராஜைக் கைது செய்து பாளையங்கோட்டை ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கொலை வழக்குதான்.

"உங்க குறிப்பயும் மேல அனுப்பிட்டாரு டி.எஸ்.பி." என்றார் ஏட்டையா. "அதுக்குப் பலன் இருக்கு டீச்சர். பாடத்துல ஒரு வரி சேத்திருக்காங்க."

என்ன வரி என்று கேட்டேன். அவர் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். கழுத்துப்பூட்டு என்ற தலைப்பு அப்படியே இருக்கிறது. கீழே புதிதாக: 'பூட்டுப் போடும் முன், விடுபட வேண்டுமானால் தட்ட வேண்டும் என்று எதிராளிக்கு உரத்த குரலில் தெரிவிக்கவும்.'

இரண்டு முறை படித்தேன். இசக்கிராஜ் அதைத்தானே செய்தான்!

ஏட்டையா நான் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

மாஜிஸ்திரேட் விசாரணைக்குச் சாட்சி சொல்ல வருகிறேன் என்று இன்று எழுதிப் போட்டிருக்கிறேன். பேச்சித்தாயிடமும் டீக்கடைக்காரரிடமும் போய்ச் சொன்னேன். டீக்கடைக்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். பேச்சித்தாய், "நான் வாரேன். அவனுக்காக இல்ல" என்றாள். தெரியும் என்றேன்.

கோர்ட்டில் எனக்குப் பேசக் கிடைப்பது கொஞ்ச நேரமாகத்தான் இருக்கும். குக்கர் உதாரணம் அங்கே எடுபடாது. மாஜிஸ்திரேட் வீட்டில் யாராவது சமைத்துப் போடுவார்கள். சுபேதாரின் கழுத்தும் கிடைக்காது. அதனால் எங்கே போனாலும், யாரிடம் பேசினாலும், ஒரே ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லப் போகிறேன். இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்கும் அதுதான்.

நாற்காலியில் நேராக உட்காருங்கள். வாயை மூடி, மூக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு, முடிகிறவரை அசையாமல் இருங்கள். முடியாமல் போகிற நொடியில் உங்கள் இன்னொரு கை என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள்.